எம்20 மரைக்கு ஆழம் எத்தனை? உங்கள் டூல் முனையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்

கேரள எல்லையில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் லேத் பட்டறை நடத்தும் ஒருவர் கேட்டிருக்கிறார். கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு இஎன்8 (நடுத்தரக் கார்பன் எஃகு) கம்பியில் எம்20 (வெளிவிட்டம் 20 மி.மீ.), 2.5 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி 2.5 மி.மீ.) ஸ்டட், அதாவது தலையில்லாத போல்ட், போட்டுக் கொடுக்கிறார். சார்ட்டில் போட்டிருந்தபடி 1.534 மி.மீ. இறக்கினாராம், நட்டு ஏறவே இல்லை. பிறகு கை உணர்வில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கி நட்டை ஏற்றிவிட்டார். கம்பெனியில் ரிங் கேஜ் (கோ வளையம் ஏற வேண்டும், நோ-கோ வளையம் ஏறக் கூடாது) போட்டுப் பார்த்து, நோ-கோவும் உள்ளே போகிறது என்று அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "சார்ட் தப்பா, நான் தப்பா?" என்பது முதல் கேள்வி. லேத்தின் லீட் ஸ்க்ரூ (டூலைத் தாங்கும் கேரேஜை நகர்த்தும் நீளத் திருகு) இஞ்சுக்கு 4 மரை, 127 பல் கியர் கையில் இல்லை, என்ன செய்வது என்பது இரண்டாவது. பம்புக்கு 1 இஞ்ச் பைப் மரையும் வருகிறது, அதன் கணக்கு மூன்றாவது.

சார்ட் தப்பில்லை. ஆனால் அந்த 1.534 எல்லா டூலுக்கும் பொதுவான எண் இல்லை. முனையில் 0.36 மி.மீ. ரேடியஸ் இருக்கும் டூலுக்கு மட்டுமே அது பொருந்தும். நீங்கள் ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூலை சென்டர் கேஜில் (60 டிகிரி வெட்டுள்ள தகடு) வைத்து, ஊசி மாதிரி கூராகத் தீட்டியிருப்பீர்கள். பெரும்பாலான பட்டறைகளில் அப்படித்தான் தீட்டுகிறார்கள். கூர் டூலுக்கு வேண்டிய ஆழம் 1.89. இந்த 0.36 வித்தியாசத்தில்தான் நட்டு நின்றுவிட்டது.

எண் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் இனி சார்ட்டே வேண்டாம். மெட்ரிக் மரை 60 டிகிரி முக்கோணம். பிட்ச்சை 0.866 ஆல் பெருக்கினால் முழு முக்கோணத்தின் உயரம். 2.5 பிட்ச்சுக்கு 2.165. அந்த முக்கோணத்தின் உச்சியில் எட்டில் ஒரு பங்கு இருக்காது, கம்பியின் வெளிவிட்டமே அங்கே தட்டையாக நிற்கும். மீதி எட்டில் ஏழு பங்கு, அதாவது பிட்ச் × 0.7578, கூர் முனை போக வேண்டிய தூரம். 2.5-க்கு 1.894. முனையில் ரேடியஸ் இருந்தால் அந்த ரேடியஸ் அளவு அப்படியே குறையும். 60 டிகிரிக்கு மட்டும் கிடைக்கும் வசதி இது: கற்பனைக் கூருக்கும் வளைவின் நுனிக்கும் உள்ள தூரம் சரியாக ஒரு ரேடியஸ்தான். ஆக,

ஆழம் = பிட்ச் × 0.7578 − முனை ரேடியஸ்

முனையைத் தட்டையாக உரசியிருந்தால், ரேடியஸுக்குப் பதில் தட்டையின் அகலம் × 0.866 கழியுங்கள். தட்டை 0.3 இருந்தால் 1.894 − 0.260 = 1.634. ரேடியஸ் 0.2 என்றால் 1.694. ரேடியஸ் 0.36 என்றால் 1.534, உங்கள் சார்ட் எண் வந்துவிட்டது. பிட்ச் × 0.6134 என்று சார்ட்டுகளில் இருப்பதும், பிட்ச் × 0.65 என்று சில பழைய பட்டறை நோட்டுகளில் இருப்பதும் இதே கணக்கின் இரண்டு முகங்கள். முன்னது உருண்டை முனைக்கு, பின்னது பிட்ச்சில் எட்டில் ஒரு பங்கு தட்டை முனைக்கு.

நட்டோ கேஜோ உட்காரும் இடம் மரையின் சரிவுப் பக்கம். அடிப் பள்ளத்துக்கு அதில் வேலையே இல்லை. அதனால் பார்க்க வேண்டிய விட்டம் பிட்ச் விட்டம்: பல்லின் தடிமனும் இடைவெளியின் அகலமும் சமமாக இருக்கும் உயரத்தில் உள்ள விட்டம். எம்20-க்கு மூன்று விட்டங்கள் இப்படி வரும்:

பிட்ச் விட்டம் = 20 − 0.6495 × 2.5 = 18.376
வெளிமரையின் அடி விட்டம் = 20 − 1.2269 × 2.5 = 16.933
நட்டின் உள்விட்டம் = 20 − 1.0825 × 2.5 = 17.294

கூர் டூலில் 1.534 மட்டும் இறக்கினால் சரிவுகள் ஒவ்வொரு பக்கமும் 0.36 வெளியே நிற்கும். பிட்ச் விட்டம் 18.376-க்குப் பதில் 19.10 இருக்கும். 6ஹெச் (சாதாரண நட்டின் டாலரன்ஸ் வகுப்பு) நட்டின் பிட்ச் விட்டம் அதிகபட்சமே 18.600. எப்படி ஏறும்?

அடுத்து, நோ-கோ ஏன் போனது? இங்கேதான் டாலரன்ஸ், அதாவது அளவில் அனுமதிக்கும் வித்தியாசம், வருகிறது. ஸ்டட்டுக்குப் பொதுவாகக் கேட்பது 6ஜி என்ற டாலரன்ஸ் வகுப்பு. எம்20 × 2.5, 6ஜி-க்கு வெளிவிட்டம் 19.623 முதல் 19.958 வரை. பிட்ச் விட்டம் 18.164 முதல் 18.334 வரை. அதாவது சரியான 18.376-ஐயே தொடக் கூடாது, 0.042 கீழேதான் ஆரம்பம். மொத்த இடம் 0.170. ஆரத்தில் பாதி, 0.085. உங்கள் கிராஸ் ஸ்லைடு (டூலைக் கம்பிக்குள் இறக்கும் ஸ்லைடு) டயலில் ஒரு கோடு 0.02 என்றால் நாலே கோடு. அந்த நாலு கோட்டுக்குள் 'நட்டு ஏறுதா பார்க்கலாம்' என்று கை உணர்வில் நின்றுவிட முடியாது. இஎன்8-இல் மரை வெட்டும்போது உச்சியில் பர் (பிசிறு) எழும்பி நிற்கும். நட்டு அந்தப் பர்ரில் இறுகும். நீங்கள் சரிவில் இன்னும் இருக்கிறதென்று நினைத்து இறக்குவீர்கள். பர் ஒருவழியாக வழிவிடும்போது பிட்ச் விட்டம் 18.10-க்குப் போயிருக்கும். இதற்கு மருந்து, ஒவ்வொரு தடவை பார்க்கும் முன்பும் ஃபைலும் எமரியும் வைத்து உச்சியைத் தடவிவிடுவது. இன்னொன்று, கம்பியை ஆரம்பத்திலேயே 19.8-க்குத் திருப்பிவிடுவது. 20-க்குத் திருப்பினால் பொருள் உச்சிப் பக்கம் பிதுங்கி, முடிவில் 20.05 காட்டும்.

டயல் பற்றி ஒரு வார்த்தை. சில லேத்தில் கிராஸ் ஸ்லைடு டயல் ஆரத்தைக் காட்டும், சிலதில் விட்டத்தை. எது என்று தெரியாவிட்டால் டயல் இண்டிகேட்டரை ஸ்லைடில் வைத்து 1 மி.மீ. நகர்த்திப் பாருங்கள். இதில் தப்பினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் இரண்டு மடங்கு தப்பும்.

இப்போது உங்கள் ஸ்டட்டுக்கே முழுக் கணக்கு. கம்பி 19.8, டூல் முனை ரேடியஸ் 0.2, பிட்ச் விட்டம் டாலரன்ஸ் நடுவில் 18.25 வரட்டும் என்று வைத்துக்கொள்வோம்.

20-லிருந்து ஆழம்: 1.694
கம்பி ஆரத்தில் 0.1 குறைவு, அதைக் கழித்தால்: 1.594
18.376-லிருந்து 18.25-க்கு இறங்க, பாதி 0.063 கூட்டினால்: 1.657

டூல் கம்பியைத் தொட்ட இடத்தில் டயலைப் பூஜ்யம் வைத்து, அங்கிருந்து நேராக 1.657. காம்பவுண்ட் ரெஸ்ட்டை (கிராஸ் ஸ்லைடின் மேலே உள்ள, சாய்க்கக்கூடிய ஸ்லைடு) 29.5 டிகிரி சாய்த்து அதிலேயே இறக்குகிறீர்கள் என்றால் 0.870 ஆல் வகுங்கள், 1.904 வரும். நேராக இறக்கினால் முனையின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்டும், சீவல் நடுவில் மோதிக்கொண்டு கிழிக்கும். 1.5 பிட்ச் வரை அது தெரியாது. 2.5-இல் இஎன்8 சரிவு செதில் செதிலாக வரும். சாய்த்து இறக்கினால் ஒரு பக்கம் மட்டும் வெட்டும், மறுபக்கம் லேசாகத் தடவிக்கொண்டு வரும். பழைய லேத்துக்கு இதுதான் நல்லது.

முனை அளவு எப்படித் தெரியும்? இவ்வளவு சின்ன ரேடியஸுக்கு ரேடியஸ் கேஜ் கிடைப்பது கஷ்டம். தட்டை முனை வைத்துக்கொள்வது சுலபம். கூராகத் தீட்டிய டூலின் நுனியில் ஆயில் ஸ்டோனை வைத்து உரசுங்கள். ஃபீலர் கேஜில் 0.30 இலையை அதன் விளிம்பு தெரியும்படி நுனியோடு ஒட்டிப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள், இரண்டும் ஒரே அகலம் ஆனால் நிறுத்துங்கள். பிறகு இரண்டு மூலையையும் ஸ்டோனில் ஒரு தடவு தடவி உடைத்துவிடுங்கள். ஸ்டட்டின் அடிப் பள்ளம் கூராக இருந்தால், ஆட்டம் வாங்கும் இடத்தில் முதல் மரையின் அடியில்தான் விரிசல் பிறக்கும். கூர் டூலை நான் தவிர்க்கச் சொல்வது நட்டுக்காக மட்டும் இல்லை.

டூல் தீட்டும்போது மேல் பக்கம் ரேக் (சரிவு) வைக்காதீர்கள், தட்டையாகவே இருக்கட்டும். ரேக் வைத்தாலோ டூல் சென்டர் உயரத்துக்கு மேலோ கீழோ இருந்தாலோ 60 டிகிரி மரையில் 60-ஆக வராது. பக்கவாட்டு கிளியரன்ஸில் (உரசாமல் இருக்கக் கொடுக்கும் சரிவு) மரையின் சாய்வையும் சேர்க்க வேண்டும்: பிட்ச்சை, 3.1416 × பிட்ச் விட்டத்தால் வகுத்தால் 0.0433, அது சுமார் 2.5 டிகிரி. டூல் நகரும் திசையில் உள்ள பக்கத்துக்கு வழக்கமான கிளியரன்ஸோடு இந்த 2.5-ஐக் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் டூலின் குதிகால் சரிவில் உரசும், மரை பளபளவென்று வரும், ஆனால் அளவு நிற்காது.

எத்தனை வெட்டு? ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரே ஆழம் கொடுத்தால், கடைசி வெட்டுகளில் டூல் தாங்கும் அகலம் முதல் வெட்டைவிடப் பல மடங்கு. அதனால் ஆழத்தை வெட்டு எண்ணின் வர்க்கமூலத்தில் ஏற்றுவது வழக்கம். 25 வெட்டு என்று வைத்தால் மனக்கணக்குக்கும் வசதி: மொத்த ஆழத்தை 5 ஆல் வகுத்தால் முதல் வெட்டு. 1.657-க்கு அது 0.33. 4ஆவது வெட்டு முடியும்போது 0.66, 9ஆவதில் 0.99, 16ஆவதில் 1.33, 25ஆவதில் 1.657. கடைசி வெட்டு வெறும் 0.033. அதன் பிறகு இறக்காமல் ஒன்றிரண்டு தடவை சும்மா ஓட்டினால், கம்பி வளைந்து கொடுத்த மிச்சமும் வந்துவிடும். வேகம் ஹெச்எஸ்எஸ்-க்கு நிமிஷத்துக்கு 10 மீட்டர் வைத்தால் 20 மி.மீ. கம்பிக்கு 160 சுற்று. ஆனால் 2.5 பிட்ச்சில் 160 சுற்று என்றால் நொடிக்கு 6.7 மி.மீ. கேரேஜ் ஓடும். முடிவில் பள்ளம் போட்டு வைக்காமல் கையால் டூலை இழுப்பதானால் 60-70 சுற்றுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் தாராளமாக ஊற்றுங்கள். தேங்காய் எண்ணெய் பஞ்சமில்லாத ஊர் உங்களுடையது. மரைக்கும் டேப்புக்கும் அது நன்றாகவே வழுக்கும், மார்கழிக் குளிரில் டப்பாவுக்குள் உறைந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை.

சிஎன்சியில் போடுபவர்களும் இதே குழியில் விழுகிறார்கள். பல பிட்ச்சுக்குப் பொதுவான 60 டிகிரி இன்சர்ட்டின் (மாற்றிப் போடும் வெட்டுமுனை) முனை, அது வெட்டக்கூடிய மிகச் சின்ன பிட்ச்சுக்கு ஏற்றபடி இருக்கும். அதில் 2.5 பிட்ச் போட்டு, ஜி76-இல் (மரை வெட்டும் புரோகிராம் கட்டளை) அடி விட்டம் 16.933 என்று சார்ட்டிலிருந்து எழுதினால் மரை பெரிதாகத்தான் நிற்கும். அந்த பிட்ச்சுக்கென்றே உள்ள முழு புரொஃபைல் இன்சர்ட் என்றால் சார்ட் எண் சரி. இரண்டுக்கும் நடுவே ஆஃப்செட் போட்டுச் சமாளிப்பவர்கள், இன்சர்ட் மாற்றிய அன்றைக்கு மறுபடி திண்டாடுவார்கள்.

கணக்கு எப்படி இருந்தாலும் அளந்து பார்க்காமல் கம்பெனிக்கு அனுப்பாதீர்கள். ரிங் கேஜ் வாங்க வசதி இல்லையென்றால் மூன்று கம்பி முறை போதும். ஒரே அளவுள்ள மூன்று கம்பிகளை மரைப் பள்ளத்தில், ஒரு பக்கம் இரண்டு, எதிர்ப்பக்கம் ஒன்று என்று வைத்து, மேலே மைக்ரோமீட்டரால் அளப்பது. நல்ல கம்பி அளவு பிட்ச் × 0.577, அதாவது 1.443. அது கிடைக்காது, 1.5 மி.மீ. டிரில் மூன்று வாங்கி அதன் ஷாங்க்கைப் பயன்படுத்துங்கள். ஷாங்க்கை முதலில் அளந்துவிடுங்கள், 1.48 இருந்தால் 1.48 என்றே கணக்கில் போடுங்கள். கம்பியில் 0.01 தப்பினால் விடையில் 0.03 தப்பும்.

மைக்ரோமீட்டர் அளவு = பிட்ச் விட்டம் + 3 × கம்பி − 0.866 × பிட்ச்

1.5 கம்பிக்கு: 18.25 + 4.5 − 2.165 = 20.585. 20.499-க்கும் 20.669-க்கும் நடுவே எது வந்தாலும் பிட்ச் விட்டம் 6ஜி-க்குள். கம்பிகள் கீழே விழாமல் இருக்கக் கெட்டி கிரீஸ் தடவி ஒட்டிக்கொள்ளுங்கள். டூலை அசைக்காமல், ஜாப்பைக் கழற்றாமல் அளக்க வேண்டும். அளவு 0.20 கூடுதலாகக் காட்டினால் நேர் இறக்கம் 0.10, சாய்த்த காம்பவுண்டில் 0.115. இந்த ஒரு வரிக் கணக்கு கையில் இருந்தால் முனை ரேடியஸை நீங்கள் சரியாக அளக்காமல் விட்டிருந்தாலும் பரவாயில்லை. 1.4 வரைக்கும் கணக்குப்படி இறக்குங்கள், மீதியைக் கம்பி வைத்து அளந்து முடியுங்கள்.

கம்பி அளவு சரியாக வந்தும் கோ ரிங் ஏறவில்லை என்றால்? ஏற ஆரம்பித்து நாலைந்து மரையில் இறுகுகிறதா என்று பாருங்கள். இறுகினால் பிட்ச் தப்பு, அல்லது டெயில் ஸ்டாக் (கம்பியின் மறுமுனையைத் தாங்குவது) விலகி மரை கூம்பாக இருக்கிறது. கூம்பா என்று அறிய இரண்டு முனையிலும் கம்பி வைத்து அளந்தாலே போதும். முதல் மரையிலேயே நின்றால் பர், அல்லது சேம்ஃபர் போதவில்லை. முழு நீளமும் சமமாக இறுக்கம் என்றால் டூல் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. சென்டர் கேஜை கம்பியோடு ஒட்டி, பின்னால் வெள்ளைக் காகிதம் பிடித்து வெளிச்சம் கசிகிறதா பார்த்து டூலைக் கட்ட வேண்டும். முனை அளவுக்கு மீறி மழுங்கியிருந்தாலும் இதே அறிகுறி, அப்போது கேஜ் அடிப் பள்ளத்தில் முட்டும். நோ-கோ ரிங் பற்றியும் ஒன்று: அது கொஞ்சமும் தொடக் கூடாது என்பதில்லை. இரண்டு சுற்றுக்கு மேல் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

இனி கியர். லீட் ஸ்க்ரூ இஞ்சுக்கு 4 என்றால் அதன் பிட்ச் 6.35. உங்களுக்கு வேண்டியது 2.5. விகிதம் 2.5 ÷ 6.35 = 50/127. ஸ்பிண்டில் பக்கம் 50, லீட் ஸ்க்ரூவில் 127, நடுவில் எந்த ஐட்லர் (இணைக்க மட்டும் வைக்கும் இடைக் கியர்) வேண்டுமானாலும். இந்த லேத்துக்கு மெட்ரிக் பிட்ச்சை 20 ஆல் பெருக்கினால் ஓட்டும் கியர் கிடைத்துவிடும்: 1.5-க்கு 30, 1.75-க்கு 35, 2-க்கு 40, 3-க்கு 60, எல்லாவற்றுக்கும் எதிரே 127. அதனால்தான் அந்த ஒரு கியரை வாங்கி வைக்கச் சொல்வார்கள்.

இல்லாவிட்டால் 63 பல் கியர் ஒன்று போதும். 63/160 என்பது 0.39375, நமக்கு வேண்டியது 0.39370. ஓட்டுபவை 63, 30, ஓடுபவை 80, 60 என்று கூட்டுக் கியர் கட்டாகப் போடுங்கள். 100 மி.மீ. நீளத்துக்குத் தப்பு 0.0125, யாரும் கண்டுபிடிக்க முடியாது. 63-உம் இல்லை, 5, 5 ஆகக் கூடும் சாதாரண செட் மட்டும் என்றால் ஓட்டுபவை 65, 30, ஓடுபவை 55, 90. விகிதம் 0.39394. ஆயிரத்தில் 0.6 தப்பு. 20 மி.மீ. நீளத்தில் 0.012 பிட்ச் தப்பு சேரும். 60 டிகிரி மரையில் பிட்ச் தப்பு 1.732 மடங்காகி பிட்ச் விட்டத்தைக் கூட்டியது போல வேலை செய்யும், அதாவது 0.021. உங்களிடம் இருக்கும் 0.170-இல் அது போனால் போகட்டும், ஆனால் மரையை 0.02 சின்னதாக, அளவு 20.56 அருகே முடியுங்கள். நட்டு, ஸ்டட் வரைக்கும் இந்தக் கட்டு தாராளம். வைஸ் ஸ்க்ரூ, ஸ்லைடு ஸ்க்ரூ போன்ற நீள வேலைக்குப் போடாதீர்கள், ஒரு மீட்டரில் 0.6 மி.மீ. ஓடிவிடும்.

இஞ்ச் லீட் ஸ்க்ரூவில் மெட்ரிக் மரை வெட்டும்போது ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு பிடிக்கும் நட்டு) திறக்கவே கூடாது. அதை மறுபடி எப்போது மூட வேண்டும் என்று காட்டும் சேஸிங் டயல் இங்கே உதவாது. டூலைப் பின்னுக்கு இழுத்து, மோட்டாரைத் திருப்பி ஓட்டி, கேரேஜை அப்படியே பின்னுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தடவை திறந்தால் அடுத்த வெட்டு மரை முதுகில் விழும்.

உள்மரையை டேப்பில் போடுவதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை: விட்டத்திலிருந்து பிட்ச்சைக் கழித்தால் டிரில். எம்10-க்கு 8.5, எம்12-க்கு 10.2, எம்16-க்கு 14, எம்20-க்கு 17.5. எம்20 6ஹெச் உள்விட்டம் 17.744 வரை போகலாம். ஸ்டெயின்லெஸ்ஸிலோ ஆழமான துளையிலோ டேப் அடிக்கடி ஒடிந்தால் 17.6 எடுங்கள், மரையின் பலம் குறைந்ததாகத் தெரியாது.

பைப் மரைக்கு வருவோம். நம் பக்கம் மரை என்றால் அங்கே கேரளத்தில் பிரி என்பார்கள். ஆனால் 1 இஞ்ச் என்றால் எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே குழப்பம்தான்: அந்த மரையில் எங்கேயும் 25.4 கிடையாது. 1 இஞ்ச் என்பது பைப்பின் பெயர். அதற்குரிய நேர் மரையின் பெயர் ஜி1, அதற்கு வெளிவிட்டம் 33.249, பிட்ச் விட்டம் 31.770, அடி விட்டம் 30.291. இஞ்சுக்கு 11 மரை, பிட்ச் 2.309. கோணம் 55, விட்வொர்த் வடிவம். முக்கால் இஞ்சுக்கு 26.441, அரை இஞ்சுக்கு 20.955, இரண்டுக்கும் இஞ்சுக்கு 14 மரை. ஒன்றேகால் இஞ்சுக்கு 41.910, மறுபடி 11 மரை.

உங்கள் லேத்தில் கியர் சுலபம்: 11-க்கு 40/110, 14-க்கு 20/70. இங்கே சேஸிங் டயலும் வேலை செய்யும். 55-இல் ஆழக் கணக்கின் எண்கள் மாறும்:

ஆழம் = பிட்ச் × 0.8004 − முனை ரேடியஸ் × 1.166

முனை ரேடியஸ் 0.317 என்றால் 1.479. கூராக இருந்தால் 1.848. மூன்று கம்பிக்கு: பிட்ச் விட்டம் + 3.166 × கம்பி − 0.9605 × பிட்ச். 1.3 மி.மீ. கம்பி வைத்து, 'ஏ' வகுப்பின் நடு அளவு 31.68-க்கு 33.58 வர வேண்டும். பம்ப் பாடியில் உள்மரை என்றால் போரிங் 30.291-க்குக் கீழே போகக் கூடாது, 30.931 வரை விட்டிருக்கிறார்கள். வார்ப்பிரும்பில் 30.6 அளவுக்குப் போர் செய்தால் உச்சி பொரிந்து விழாது.

இதெல்லாம் நேர் மரைக்கு, வாஷரோ ஓ-ரிங்கோ வைத்து அடைக்கும் இடத்துக்கு. மரையே தண்ணீரை நிறுத்த வேண்டும் என்றால் வெளிமரை கூம்பாக இருக்க வேண்டும், 16-க்கு 1. இந்திய ஸ்டாண்டர்டிலும் இரண்டும் தனித்தனி எண்: மரையில் அடைப்பதற்கு ஐஎஸ் 554, அடைக்காததற்கு ஐஎஸ் 2643. வேலை கொடுத்தவரிடம் எது என்று கேட்டுவிட்டே கம்பியைக் கட்டுங்கள். 1 இஞ்ச் கூம்பு மரையில் 33.249 என்ற அளவு முனையிலிருந்து 10.4 மி.மீ. உள்ளே வருகிறது. முனையில் வெளிவிட்டம் 33.249 − 10.4/16 = 32.60. முனையிலேயே 33.25 வைத்துக் கூம்பு திருப்பினால், சாக்கெட்டில் இரண்டு மரை பிடித்ததும் நின்றுவிடும், டெஃப்லான் டேப் எவ்வளவு சுற்றினாலும் ஒழுகும். டூலைக் கூம்புச் சரிவுக்குச் செங்குத்தாக நிறுத்துவதும் தப்பு. அச்சுக்குச் செங்குத்தாக, அதாவது நேர் மரைக்கு நிறுத்துவது போலவேதான் நிறுத்த வேண்டும்.

சாம்பிள் பார்த்துப் போடும் வேலையில் இரண்டு இடத்தில் கவனம். நாலு நூல் போல்ட் என்று கொண்டுவந்தால் அது அரை இஞ்ச், 12.7 மி.மீ., இஞ்சுக்கு 12 மரை. எம்12 இல்லை. எம்12-இன் பிட்ச் 1.75, இதன் பிட்ச் 2.117. தேய்ந்த போல்ட்டை வெர்னியரில் பிடித்தால் 12.3 காட்டும், அங்கேதான் ஏமாறுவோம். வெளிவிட்டத்தை நம்பாமல் பத்து மரையின் நீளத்தை அளங்கள், 17.5-ஆ 21.2-ஆ என்று உடனே தெரியும்.

இன்னொன்று, வெளிநாட்டு மெஷினிலிருந்து கழற்றிய ஃபிட்டிங். அது அமெரிக்கப் பைப் மரையான என்பிடி-யாக இருக்கலாம், 60 டிகிரி, அதே 16-க்கு 1 கூம்பு. 1 இஞ்ச் என்பிடி-க்கு இஞ்சுக்கு 11.5 மரை. பத்து மரை நீளம் 22.09. நம் மரையில் 23.09. முழுசாக 1 மி.மீ. வித்தியாசம், வெர்னியரே சொல்லிவிடும். அரை இஞ்சிலும் முக்கால் இஞ்சிலும் அப்படித் தெரியாது, இரண்டு வகைக்கும் 14 மரைதான். கையால் மூன்று சுற்று இனிமையாக ஏறும், ஸ்பேனர் போட்டதும் இறுகும், பிரஷர் கொடுத்ததும் கசியும். அங்கே 55 டிகிரி கேஜையும் 60 டிகிரி கேஜையும் மாறி மாறிப் பள்ளத்தில் வைத்து, லைட்டுக்கு நேரே பிடித்து எதில் வெளிச்சம் கசியவில்லை என்று பார்ப்பதுதான் வழி.